விட்டுப் பிடி

விலங்கியல் வகுப்பில் 'லேட்டஸ் கால்காரிஃபர்' என்று நாம் எழுதிப் படிக்கும் மீன்தான் எங்கள் வீட்டுக் கொடுவா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏற்றிவிட்டது கொடுவா விற்ற பணம்.

திருச்செந்தூருக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் அப்பா தூண்டில் போடுவார். உயிருள்ள இறால் அல்லது மடவைக் குஞ்சே இரை. கொடுவாவின் செவுள் மூடி கத்தி போன்றது, நரம்பை அறுத்துவிடும். ஆகவே முள்ளையொட்டி ஒரு முழத்துக்குத் தடித்த நரம்பு வேண்டும். மாட்டியதும் மீன் துள்ளித் தலையை உதறும். வெடுக்கென்று இழுத்தால் நரம்பு அறும்; தொய்ய விட்டால் முள் கழலும். "விட்டுப் பிடிலே" என்பார் அப்பா.

கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர் பெண்ணாக மாறும். பெரியவை பெரும்பாலும் பல லட்சம் முட்டையிடும் தாய்கள். இதை வகுப்பில் கேட்டுவந்து சொன்னேன். "அப்போ, ஒனக்குப் பீஸ் கட்ட நான் வித்ததெல்லாம் தாயாலே?" என்றார். எனக்கு வாயெழவில்லை.

போன மாதம் மாட்டிய சினைக் கொடுவாவை, முள்ளைக் கழற்றி ஆற்றிலேயே விட்டுவிட்டார். தேர்வுக் கட்டணத்துக்கு மடவை விற்றார். நான் சொன்னது சரிதானா என்று அன்றிரவெல்லாம் எனக்கு உறக்கமில்லை.