கடலுக்கு முதுகு காட்டும் வீடுகள்

இலங்கையின் கிழக்குக் கடலோரத்தில் நாலு நாள் சும்மா கிடந்துவிட்டு வரவேண்டும் என்று யாரிடம் சொன்னாலும் இரண்டு ஊர்ப் பெயரோடு பேச்சு முடிந்துவிடும். ஒன்று பாசிக்குடா, மற்றது அறுகம்பே. பாசிக்குடாக் கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம்; போர் முடிந்த பிறகு அங்கே எழும்பிய நட்சத்திர ஹோட்டல்களின் வாடகையில்தான் ஆள் மூழ்கவேண்டும். அறுகம்பேயில் மே தொடக்கம் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்காரரின் பருவம். மலிவான அறையும் கிடுகு வேய்ந்த கபானாவும் தாராளமாக உண்டு. ஆனால் அந்த மாதங்களில் அங்கே அமைதியைத் தேடுவது கல்யாண வீட்டில் நித்திரையைத் தேடுவதுதான்.

என் ஆசையெல்லாம் இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் கரைமேல். மட்டக்களப்பில் பொத்துவில் பஸ் ஏறினால் நூறு கிலோமீற்றருக்கு மேல் கடல் இடது கைப்பக்கமே கூட வருகிறது. கண்ணில் மட்டும் படாது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒரு ஊர் முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். தமிழூரும் முஸ்லிம் ஊரும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பார்கள். மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு என்றாலும் பஸ் ஜன்னலால் பார்க்க அப்படித்தான் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் ஒடுங்கிய மணல்திடல். அதற்குள் இத்தனை சனம்.

கல்முனையில் தங்குமிடம் இல்லாமலில்லை. சரக்கெடுக்க வருபவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்குமான அறைகள் பட்டணத்துக்குள் இருக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கடையின் தகரக்கூரை தெரியும். கடலடியில் ஏதும் உண்டா என்று கேட்டால் "அறுகம்பேக்குப் போங்களன்" என்பார்கள். பிரதான வீதியிலிருந்து எந்த ஒழுங்கைக்குள் இறங்கி நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் மணல் வந்துவிடும். வழிநெடுகிலும் பார்த்தேன்: வாசல், மாடி, முன்விறாந்தை எல்லாம் வீதியைப் பார்த்தபடி. கடலின் பக்கம் கிணற்றடி, கோழிக்கூடு, விறகு. கடலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது இந்த ஊரில் யாருக்கும் ஒரு காரியமாகத் தோன்றியதேயில்லை. கடலோரத்தில் ஆட்கள் இரவு தங்குவது என்றால் ஒன்று மீன்வாடி, இல்லையென்றால் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றக் காலம். நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் 12 நாள் நடக்கும் அந்த விழாவுக்கு மணலிலேயே கடைத்தெரு எழும்பி மறைகிறது.

இன்று காலியாக, அழகாக, பயணிகள் ஆசைப்படும்படி கிடக்கும் அந்தக் கடைசி மணற்பட்டை எப்போதும் காலியாக இருந்ததல்ல. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீடுகள் மணல்வரை நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் அவை போயின. இலங்கையில் சுனாமிக்கு அதிகம் பேரைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அதன் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றது அரசு. தெற்கில் அது 100 மீற்றர். 2005 முடிவதற்குள் அந்த அளவு தளர்த்தப்பட்டது, ஆனால் போன சனத்தில் பலர் திரும்பவில்லை. வயல் பக்கம் புதுக் குடியிருப்புகள் வந்தன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியோடு கட்டிய 500 வீடுகளோ, யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கில் சிக்கி வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்து காடேறின. ஒரு அறை தேடித் தோளில் பையோடு அலைபவனுக்கு இந்தச் செய்தியில் ஒரு கசப்பான சிரிப்பு வரும்.

தெற்கே அதே கடல், அதே மீனவ முஸ்லிம்கள். அறுகம்பே உல்லையில் அலை தேடி வந்தவர்களுக்குப் படுக்க இடம் கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள்தான். சுனாமிக்குப் பிறகு அங்கே ஹோட்டல்கள் கரையிலேயே இருக்க, மீனவர் குடிசை மட்டும் தள்ளிப்போகவேண்டும் என்றானதை கனடிய எழுத்தாளர் நவோமி கிளைன் 2007இல் வெளிவந்த 'ஷாக் டாக்ட்ரின்' நூலில் ஒரு அத்தியாயமாகவே எழுதினார். கல்முனைக் கரையில் அந்தச் சண்டைக்கு இடமிருக்கவில்லை. சண்டை பிடிக்க ஹோட்டல் இல்லை.

இங்கே அறை கிடைக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில், உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களையும் ஹோட்டல்களையும் தாக்கிய குண்டுதாரிகளின் கூட்டத்தார் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைப் படையினர் சுற்றிவளைத்தபோது, உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள், குழந்தைகளும் செத்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள்மேல் ஐயம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். ஆகவே முகம் தெரியாத ஒருவன் பையோடு வந்து "கடற்கரைப் பக்கம் ஒரு அறை கிடைக்குமா, கொஞ்ச நாளைக்குத்தான்" என்று கேட்டால் ஊர் அவனை மேலும் கீழும் பார்ப்பதில் கோபிக்க ஒன்றுமில்லை. நான் கேட்ட இடத்திலெல்லாம் முதலில் ஒரு பிளேன்டி வந்தது, பிறகு கேள்விகள் வந்தன. எந்த ஊர், என்ன தொழில், ஏன் தனியாக.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருப்பதால் வீடுகளில் மாணவருக்கு அறை கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே விசாரிக்கப் போய்த்தான், பாலமுனைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக்கடையில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். கரைவலையில் பங்கு வைத்திருப்பவர். "கடலடியில என்னத்துக்குத் தம்பி படுக்கணும்?" என்றார். சத்தம் கேட்டுக்கொண்டு நித்திரை கொள்ளத்தான் காக்கா என்றேன். "அந்தச் சத்தம் கேட்டா எங்களுக்கு நித்திரை வராது" என்றார். அடையாள அட்டையை வாங்கி யாழ்ப்பாண முகவரியைப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியது இந்தக் கரையில் பழங்கதை அல்ல. பிறகு, "சோனகதெரு இப்ப எப்படி?" என்று யாழ்ப்பாண முஸ்லிம்களின் பகுதியைப் பற்றி மட்டும் கேட்டார். சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள், பல வீடுகள் இன்னும் பற்றை மண்டித்தான் கிடக்கின்றன என்று உள்ளதைச் சொன்னேன். எழும்பி, "வாங்க" என்றார்.

எனக்குக் கிடைத்தது அவருடைய இரண்டாவது மகளுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீடு. இந்தப் பக்கத்தில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுவார். அக்கரைப்பற்றில் 1969 தொடக்கம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டென்னிஸ் மக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடி முறையைப் பற்றித் தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார். தகப்பனுடைய வாழ்நாள் உழைப்பு கல்லும் சீமெந்துமாக மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும். காசு வரும்போது சுவர், காசு நிற்கும்போது வேலையும் நிற்கும். நான் போனபோது வேலை நின்றிருந்தது. பூசாத சுவர், கதவில்லாத ஜன்னல்கள், ஒரு மூலையில் மணல் குவியல், அதன்மேல் பூனை உறங்கிய பள்ளம். ஒரு பன்பாயும் தலையணையும் நீட்டு வயரில் ஒரு பல்பும் வந்தன. கடலுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் மூன்று தென்னை வளவுகள்தான்.

சட்டதிட்டங்கள் அதிகமில்லை. "கிணத்தடிக்கு வரக்குள்ள ஒருக்கா செருமிக்கொண்டு வாங்க தம்பி." அவ்வளவுதான். நான் செருமுவேன், உள்ளே கொலுசுச் சத்தமும் கதவுச் சத்தமும் கேட்கும், பிறகுதான் வாளியைத் தொடுவேன். சாப்பாடு சின்னப் பேரனின் கையில் தட்டு மூடி வரும். புட்டும் பாலாணமும், இல்லையென்றால் சோறும் சூடை மீனாணமும், ஒரு நாள் எருமைத் தயிர் ஒரு சட்டி. சமைத்தவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. உப்புக் காணுமா என்று கேட்டு அனுப்பிய குரலை மட்டும் தெரியும்.

அமைதி என்று நான் மனதில் வைத்திருந்தது அங்கே இல்லை. சுபஹ் பாங்கு நாலைந்து பள்ளிகளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெளிச்சம் வருமுன் வலைத்தோணி இறங்கும். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டு, தோணி கடலுக்குள் அரைவட்டம் போட்டு வலையை இறக்கி, மற்ற நுனியோடு வெகுதூரம் தள்ளிக் கரையேறும். இரண்டு அணி ஆட்கள் இடுப்பைச் சாய்த்துப் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு அணியும் நெருங்கிவரும். மடி கரைக்கு வரும்வரைதான் ஒழுங்கு; வந்தபின் காகம், நாய், பெட்டிக்காரர், மோட்டார் சைக்கிள் மீன் வியாபாரி, எல்லோரும் ஒரே கூச்சல். பத்து மணிக்கு அந்த இடத்தில் செதில்கள்தான் மிச்சம். அதன்பிறகு வயல் பக்கமிருந்து கச்சான் காற்று அடுப்பைத் திறந்துவிட்டதுபோல் வீசத் தொடங்கும். பிற்பகலில் கடல்காற்று எழும்பும்வரை வெளியே தலைகாட்ட முடியாது. என்றாலும், அந்த நாட்களில் என்னிடம் எதையும் விற்க ஒருவரும் வரவில்லை. படகுச் சவாரி வேண்டுமா, நாளைக்கு யானை பார்க்கப் போவோமா என்று கேட்க ஆளில்லை. நான் தேடியது அதைத்தான் போலும்.

சாயந்தரங்களில் ஒலுவில் வெளிச்சவீட்டுப் பக்கம் நடந்தேன். 2013இல் திறந்த துறைமுகத்தின் கல்லணைகள் மணலின் ஓட்டத்தை மறித்துவிட்டன. துறைமுக வாயில் மணல் மூடுகிறது, ஊர்க்கரையைக் கடல் தின்கிறது. தென்னைகள் வேரோடு சரிந்து தலை தண்ணீரில் கிடக்கின்றன. கரையே நிலையில்லாத இடத்தில் யார் பயணிக்கு அறை கட்டுவார்?

புறப்படும்போது காசை நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை, "பூசாத வூட்டுக்கு வாடகை எடுத்தா ஊர் சிரிக்கும்." இப்படி நடக்கும் என்று ஊகித்து மருதமுனையில் கைத்தறிச் சாரம் ஒன்று வாங்கி வைத்திருந்தேன், அதை வாங்கிக்கொண்டார். மகன் என்னோடு பஸ் தரிப்பிடம்வரை வந்தான். தகப்பன் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும், இந்த வீட்டை அறுகம்பேக்காரர் மாதிரிப் படம் எடுத்துப் போட்டால் ஒரு இரவுக்கு எவ்வளவு கேட்கலாம் என்றான். வெள்ளைக்காரர் வந்தால் குளிப்பு உடுப்போடு ஒழுங்கைக்குள் நடப்பார்களே, உம்மா என்ன சொல்வார் என்று கேட்டேன். அதற்கும் அவனிடம் திட்டம் இருந்தது: கடல் பக்கமாக ஒரு தனிக் கேற். செருமும் வேலையும் மிச்சம்.

"வாப்பா சம்மதிப்பாரா?"

"சம்மதிச்சாலும் பெருநாள் மட்டுந்தான் காக்கா. அதுக்குப் பொறகு ராத்தாக்குக் கலியாணம். பொறகு மச்சானைத்தான் கேக்கணும்."

அக்கரைப்பற்று பஸ் வந்துவிட்டது. விலையை நான் சொல்லவில்லை.