வண்டியை நிறுத்துவது டயர்தான்

எங்கள் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில், இப்போது தெருவுக்கு நாலு வீட்டு வாசலிலாவது பழைய கார் நிற்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, பிள்ளைகளோடு கோயிலுக்குப் போக, அவசரத்துக்கு நாலு தக்காளிப் பெட்டி ஏற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான். வாங்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறோம், ஏ.சி. ஓடுகிறதா என்று பார்க்கிறோம். குனிந்து டயரைப் பார்ப்பவர்கள் குறைவு.

போன ஐப்பசி மழையில் என் மச்சினன் அப்படியொரு காரில் குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தான். திருப்பம் தாண்டியதும் எதிரே ஆட்டு மந்தை. பிரேக்கை அழுத்தி மிதித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போய், ரோட்டோர வாய்க்காலில் இறங்கித்தான் நின்றது. பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

மறுநாள் வந்து, "மாமா, பிரேக் பேட் மாத்தி ரெண்டு மாசம்தான் ஆச்சு. பிரேக் ஆயிலும் புதுசு. அப்புறம் ஏன் நிக்கல?" என்று கேட்டான்.

"பிரேக்கு சரியாத்தான் இருக்கு மாப்பிள்ளை. டயரைப் பாரு" என்றேன். முன்சக்கரம் இரண்டிலும் பட்டன் தேய்ந்து மழமழவென்று இருந்தது. டயரின் பக்கவாட்டில் 2215 என்ற எண். 2015-ம் வருடம் 22-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம்.

பிரேக் செய்யும் வேலை, சுற்றுகிற சக்கரத்தைப் பிடிப்பது மட்டும்தான். வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உள்ள பிடிமானம். ஒரு டயர் தரையில் பதிகிற இடம் நம் உள்ளங்கை அளவுதான். அந்த நாலு உள்ளங்கைகளால் எவ்வளவு பிடிக்க முடியுமோ, அதற்கு மேல் எந்த பிரேக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. சேற்று வயலில் மாடு காலை ஊன்றினாலும் வழுக்குகிறதே, அதுபோலத்தான்.

கணக்காகவும் சொல்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஆட்டைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். அதற்குள் வண்டி 55 அடி ஓடிவிடும். அதன்பின், காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயர் என்றால் நிற்க இன்னும் சுமார் 65 அடி வேண்டும். ஆக மொத்தம் 120 அடி. மழை ஈரமும் தேய்ந்த டயரும் சேர்ந்து பிடிமானம் பாதியாகிவிட்டால், அந்த 65 அடி 130 அடியாகும். வேகத்தைப் பாதியாக்கி 30-ல் போனால், காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்தபின் சுமார் 16 அடியில் நின்றுவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நாலு மடங்காகிறது.

டயரில் உள்ள வரிப்பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குத்தான். பள்ளம் இல்லையென்றால் தண்ணீரின் மேலேயே டயர் மிதந்து போகும். கார் டயரின் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். காற்றும் முக்கியம். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்திலேயே ஒட்டியிருப்பார்கள். வண்டியை எடுக்கும் முன், டயர் சூடாகாத நேரத்தில் பார்க்க வேண்டும்.

ஏ.பி.எஸ். இருந்தால் பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது சக்கரம் சுற்றாமல் இறுகிப்போவதைத் தடுக்கும். அதனால் பிரேக் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி விலக முடியும். இல்லாத பிடிமானத்தை அதுவும் உண்டாக்காது. அழுத்தி மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் அதிரும். அதைக் கண்டு பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

டயர் நன்றாக இருந்தும் பிரேக் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு. அது மலை இறக்கம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் அது சூடேறிக் கருகல் வாடை அடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுள்ளது. பழைய ஆயில் என்றால் அந்தச் சூட்டில் கொதித்து, பெடல் தரைவரை இறங்கிவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற வேண்டும்.

மச்சினன் நாலு டயரையும் மாற்றிவிட்டான். அதற்கான செலவு, வாய்க்காலிலிருந்து காரைத் தூக்கிய கூலியையும் பம்பர் வேலையையும் சேர்த்தால் வருவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

விவசாயிகளாகிய நம் கையில் இருப்பது இன்னொன்று. கொள்ளையும் ராகியையும் தார் ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளை ஏறவிட்டு அடித்துக்கொள்கிறோம். தட்டின் மேலும் உதிர்ந்த மணியின் மேலும் புது டயர்கூட வழுக்கும். இரு சக்கர வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். ஓரத்தில் அடுக்கிய கல்லை இரவில் அப்படியே விட்டுவிட்டு வருகிறோம். உழவு முடிந்து ரோட்டில் ஏறும் டிராக்டர் சக்கரத்திலிருந்து உதிரும் சேறு, ஒரு தூறல் விழுந்தால் எண்ணெய் மாதிரி ஆகிவிடும். ஊரில் உலர்களம் இருந்தால் தானியத்தை அங்கே கொண்டுபோவோம். இல்லாத ஊர்க்காரர்கள் கிராமசபையில் மனுக் கொடுத்துக் கேட்கலாம். வயலைவிட்டு ஏறும்போது மண்வெட்டியால் சக்கரத்துச் சேற்றைத் தள்ளிவிட ஐந்து நிமிடம் போதும். அந்த ரோட்டில் அடுத்து வருவது நம் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேனாகவும் இருக்கலாம்.