தெருமுனைத் தூணின் உட்புறம்

நியூயார்க் நகரத்து நடைபாதைகளில், பழைய நாணயத் தொலைபேசிகள் இருந்த இடங்களில் 2016-ஆம் வருஷம் பயன்பாட்டுக்கு வந்த லிங்க்என்ஒய்சி என்னும் தூண்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம், பட்டப்பகலில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கும் ஒரு பொருளைப் பற்றி ஜனங்கள் எவ்வளவு சொற்பமாக அறிந்திருக்கிறார்கள் என்ற வியப்பே எனக்கு மேலிடுகிறது. உயரம் ஏறத்தாழ 9.5 அடி, இரு பக்கத்திலும் ஓயாமல் விளம்பரம் காட்டும் 55 அங்குலத் திரைகள், விலாப்புறத்தில் ஆண்ட்ராய்டில் இயங்கும் சிறு டேப்லெட், ஆபத்துக் காலத்தில் 911-ஐ அழைக்க ஒரு சிவப்புப் பொத்தான். வைஃபை, தொலைபேசி, செல்போனுக்குச் சார்ஜ் எல்லாம் இலவசம். விளம்பர வருமானத்தால் செலவை ஈடு செய்வதே ஏற்பாடு.

பழைய தொலைபேசியில் காசு விழும் ஓசையைக் கேட்டவனுக்கு, அந்த யந்திரம் தன்னிடம் எதை வாங்கிக்கொண்டது என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. காசே கேளாத இந்தத் தூண் வழிப்போக்கனிடமிருந்து எதைப் பெறுகிறது என்பதோ, உள்ளே ஓடும் மென்பொருளைப் படித்துப் பார்த்தாலன்றி விளங்காது.

அந்த மென்பொருளின் ஆதிக்கம் முதல் வருஷத்திலேயே வெளிப்பட்டது. ஆரம்பத்தில் அந்த டேப்லெட்டில் யாரும் இணையத்தில் விருப்பம்போல் உலாவலாம். வேறு கதியில்லாத வீடற்றவர்கள் சிலர் அதன் முன்னே பெட்டிகளைப் போட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்கள். ஆபாசப் படம் பார்க்கிறார்கள், இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள் என்று புகார்கள் எழவே, 2016 செப்டம்பரில் உலாவும் வசதி நீக்கப்பட்டது. ஒரு தூணையும் பெயர்க்கவில்லை; ஆயினும் அந்த எளியவர்களுக்கு அது வேறு பொருளாகிவிட்டது. அவர்களுக்காக என் மனம் இன்றும் வருந்துகிறது.

2018-ஆம் வருஷம் நிகழ்ந்தது இன்னும் கவனத்திற்குரியது. கிட்ஹப் தளத்தில் இந்தத் தூண்களோடு தொடர்புடைய ஸ்தாபனத்தின் நிரல்களைக் கண்டெடுத்த ஒரு கல்லூரி மாணவர், அவற்றைச் சிரத்தையுடன் படித்து, ஒருவர் நிற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, கையிலுள்ள கருவியின் அடையாளம், அவர் பார்த்த பக்கங்கள், பார்த்த நேரம் ஆகியவற்றைத் திரட்டும் பகுதி ஒன்று அவற்றில் இருப்பதை வெளியிட்டார். அது ஆராய்ச்சிக்காக எழுதப்பட்டது, தூண்களில் சேர்ப்பதற்கானதன்று என்று ஸ்தாபனத்தார் விளக்கம் தந்தார்கள்; பதிப்புரிமைச் சட்டத்தின் பேரில் அந்த நிரலை நீக்கும்படியும் கோரினார்கள். விளக்கம் வாஸ்தவமாகவே இருக்கலாம். ஆனால் அதன் உண்மையைத் தெருவில் நடப்பவன் எப்படிச் சோதித்தறிவான்? நியூயார்க் சிவில் உரிமைச் சங்கத்தார் அந்தரங்கத்தைப் பற்றிய தங்கள் கவலையை 2016-லேயே மேயருக்கு எழுதியதும், அதன்பின் தனியுரிமைக் கொள்கை திருத்தப்பட்டதும் உண்மையே. எனினும் கொள்கை என்பது வாக்குறுதி, நிரலே செயல்.

ஆகையால், உட்புறத்தைக் காண விழையும் இத்தகைய இளைஞர்களை அத்துமீறுவோராகக் கருதாமல், ஊருக்கு உபகாரம் செய்பவர்களாக நகர நிர்வாகம் மதிக்க வேண்டும்; பொதுத் தெருவில் இடம் கொடுக்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், மென்பொருளைச் சுதந்திரமான நிபுணர்கள் பரிசோதித்து முடிவை வெளியிடும் உரிமையை எழுதிவைக்க வேண்டும். 2022 முதல் அதே நகரத்தில் 32 அடி உயரமுள்ள 5ஜி தூண்கள் எழும்பி வருகின்றன. அவற்றின் உயரத்தையும் தோற்றத்தையும் குறித்துப் பல பேட்டைவாசிகள் ஆட்சேபித்திருக்கிறார்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்பதையும் அதே உரத்த குரலில் அவர்கள் கேட்க வேண்டுமென்று விரும்புகிறேன்.