உரு 11 இல் இருந்த கிணறு

கடைசி வருட ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பு, எங்கட பக்கத்து ஊர்க் கிணறுகள். புவியியல் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை கிணற்றை விட்டால் வேறென்னத்தை எடுக்கப் போகுது என்று பகிடி பண்ணாதையுங்கோ. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்று இல்லை. வழுக்கியாறு கூட மாரியில்தான் ஓடும். மழைத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேலே ஒரு படையாக மிதந்துகொண்டு நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். நான் போன ஊரில் ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் நல்ல தண்ணி, நாலு வீடு தள்ளி சவர்.

மின்கடத்துதிறன் அளக்கிற கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போய் 19 கிணறுகளை அளந்து, எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். வரைபடம், வரைபு எல்லாம் சேர்த்து ஆய்வேட்டில் 34 உருக்கள் வந்தன. 'படம்' என்று போட்டால் எங்கட பாடத்தில் தேசப்படத்தோடு குழம்பும். அதனால் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் பழகின 'உரு' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டேன்.

அந்த 19 இல் ஒன்று ஒரு ஆச்சியின்ர வளவுக் கிணறு. நல்ல தண்ணிக் கிணறு. பின்னேரம் ஆனால் சுத்துப்பட்டு வீடுகளில் இருந்து குடமும் கானும் கொண்டு ஆக்கள் வருவினம். ஆச்சி திண்ணையில் இருந்து அவையளோடு கதைப்பா. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், பேரன் ஒருவன் மட்டும்தான் கூட. நான் கமராவை எடுத்தபோது ஆச்சி ஒரு நிபந்தனை போட்டா: "எடு பிள்ளை, வடிவா எடு. ஆனா புத்தகம் வந்தா முதல்ல எனக்குக் காட்டோணும்."

ஊர் சனசமூக நிலையத்துக்கு ஒரு பிரதி தருவதாகவும் சொல்லியிருந்தேன்.

பிழை எங்கே நடந்தது என்று இப்போது நல்லா விளங்குது. படங்களுக்குக் கீழே வருகிற தலைப்புகளை வேர்டில் 'இன்சேர்ட் கப்ஷன்' மூலம் போடுவதற்கு சீனியர் அக்கா ஒருவர் காட்டித் தந்திருந்தா. 'நியூ லேபிள்' என்பதில் 'உரு' என்று அடித்துவிட்டால், வேர்ட் தானாக உரு 1, உரு 2 என்று எண் போட்டுக்கொண்டு போகும். ஆனால் பந்திகளுக்குள் "உரு 10 ஐப் பார்க்க" என்று வருகிற இடங்களை எல்லாம் நான் கையால் அடித்தேன். எண்ணைப் பார்த்து அடிப்பதுதானே, அதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

இரண்டாவது வரைவை வாசித்த மேற்பார்வையாளர், "நிலாவரையைப் பற்றி எழுதியிருக்கிறீர், அதின்ர போட்டோ எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. நான் ஒரு பக்கத்தில் விளக்கினதை அந்தக் கிணறு ஒன்றே காட்டிவிடும். போய் ஒரு போட்டோ எடுத்து வந்து இரண்டாம் அத்தியாயத்தில் செருகினேன். அது உரு 3 ஆனது. அதற்குப் பிறகு வந்த தலைப்புகள் எல்லாம் தாமாகவே ஒன்று கூடின. பார்க்கச் சந்தோசமாக இருந்தது.

பந்திகளுக்குள் நான் கையால் அடித்த 47 எண்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

கட்டக் கொடுப்பதற்கு இரண்டு நாள் இருக்க, ஆச்சிக்குக் கொடுத்த வாக்குக்காக ஒரு பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். பின்னேர நேரம். கிணற்றடியில் ஒரு அக்கா தண்ணி அள்ளிக்கொண்டு நின்றா. பேரன் படங்களைத் தட்டிப் பார்த்து, "ஆச்சி, இஞ்ச எங்கட கிணறு!" என்று கத்தினான். கீழே 'உரு 11: மாதிரிக் கிணறு 6' என்று இருந்தது. பெயர் போடக்கூடாது என்பதற்காக எல்லாக் கிணற்றுக்கும் அப்படித்தான் எழுதியிருந்தேன். தங்கட கிணற்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று அவன் பந்தியைத் தேடிச் சத்தமாக வாசித்தான்: "உரு 11 இல் காட்டப்பட்டுள்ள கிணற்றின் நீர் குடிப்பதற்கு உகந்ததன்று."

அந்த வசனம் நாலு வீடு தள்ளி இருந்த சவர்க் கிணற்றுக்கு எழுதியது. அது ஊருக்கே தெரிந்த கதை, அந்த வீட்டுக்காரரே தன்ர வாயால் சொன்னவர். அந்தப் போட்டோ இப்போது உரு 12 ஆகிவிட்டது. முன்பு உரு 10 ஆக இருந்த ஆச்சியின்ர கிணறு 11 இல் வந்து நின்றது.

ஆச்சி கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் கிணற்றடியைப் பார்த்தா. பிறகு, "அப்ப இனி ஆர் பிள்ளை தண்ணிக்கு வரப்போகினம்?" என்றா. அந்த அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டுதான் போனா, ஆனால் முகம் ஒரு மாதிரி. எண் பிழை, கிணறு பிழையில்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் சரியாக விளங்கப்படுத்த முடியவில்லை. அச்சில் இருக்கிறதை வாயால் அழிப்பது லேசில்லை.

அன்றிரவு விஞ்ஞான பீடத்தில் படிக்கிற தோழிக்கு அழைத்தேன். அவள் லேடெக்கில் எழுதுகிறவள். "நாங்கள் எண்ணை எழுதுறேல்லையடி" என்றாள். அங்கே படத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, பந்தியில் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்களாம். எண்ணை மென்பொருள் போடும். இல்லாத பெயரைக் கூப்பிட்டால் எண் வரவேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறி வந்து நிற்கும். வேர்டிலும் அதே வசதி இருக்கிறது, 'ரெபரன்சஸ்' பகுதியில் 'குறொஸ் ரெபரன்ஸ்' என்று. இத்தனை நாளாக 'இன்சேர்ட் கப்ஷன்' பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

விடிய விடிய 47 இடங்களையும் மாற்றினேன். இந்த வருசம் ஆய்வேடு எழுதுகிற ஆக்களுக்கு உதவும் என்பதால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

முதலில், கையால் அடித்த இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். 'உரு' என்று தேடினால் உருவாக்கம், உருவம், உருளை எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். 'உரு' வுக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டுத் தேடுங்கள். கிடைத்த எண்ணின் மேல் சொடுக்கினால் வழக்கமாக அது சாம்பல் நிறமாகும். ஆகாவிட்டால் அது கையால் அடித்தது.

மாற்றும்போது 'ஒன்லி லேபிள் அன்ட் நம்பர்' என்பதைத் தெரியுங்கள், 'உரு 11' என்று மட்டும் வரும். வேற்றுமை உருபை அதற்கு வெளியே அடியுங்கள். சாம்பல் பகுதிக்குள் 'இல்', 'ஐ' என்று அடித்தால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது அது காணாமல் போகும்.

புதுப்பிக்க, கொன்ட்ரோல் ஏ, பிறகு எஃப் 9. படத்தைச் சுற்றி எழுத்து ஓடும்படி மிதக்க விட்டிருந்தால் அதன் தலைப்பு தனிப் பெட்டிக்குள் போய்விடும், கொன்ட்ரோல் ஏ அதைத் தொடாது. நான் எல்லாப் படத்தையும் 'இன் லைன் வித் ரெக்ஸ்ற்' ஆக மாற்றினேன். அச்சுக்குக் கொடுக்க முதல் நீங்களே பிடிஎஃப் ஆக்கி, ஒவ்வொரு எண்ணையும் ஒருக்கால் கண்ணால் பாருங்கள்.

நான் பார்த்தபோது ஒரு தமிழ்ப் பந்தியின் நடுவில் தடித்த எழுத்தில் ஒரு ஆங்கில வசனம் கிடந்தது: 'எரர்! ரெபரன்ஸ் சோர்ஸ் நொட் பவுண்ட்.' ஒரு தலைப்பை அழித்துவிட்டுத் திருப்பி அடித்திருந்தேன், அதோடு வேர்ட் உள்ளே ஒளித்து வைத்திருந்த அடையாளமும் அழிந்துவிட்டது. முன்பென்றால் எரிச்சல் வந்திருக்கும். அன்றைக்கு ஆறுதலாக இருந்தது. பிழை, தன்னைப் பிழை என்று கத்திச் சொல்லுது. நான் கையால் அடித்த 11 கத்தவில்லை. சரியான எண் மாதிரியே இருந்துகொண்டு வேறொரு வீட்டைக் காட்டியது.

இன்னொன்றையும் மாற்றினேன். 'மாதிரிக் கிணறு 6' என்ற தலைப்பை 'மாதிரிக் கிணறு 6: நன்னீர், குடிப்பதற்குப் பயன்படுகிறது' என்று ஆக்கினேன். சனசமூக நிலையத்தில் இந்தப் புத்தகத்தை எடுக்கிறவர் ஆய்வுப் பிரச்சினை, கருதுகோள் எல்லாம் வாசிக்கப் போவதில்லை. தன்ர கிணறு இருக்குதா என்றுதான் பார்ப்பார். பந்தியில் நான் பிழைவிட்டாலும் படத்துக்குக் கீழே உண்மை இருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை திருத்தின பக்கங்களோடு முதலில் அந்த அக்காவின்ர வீட்டுக்குப் போனேன், பிறகு ஆச்சி வீட்டுக்கு. பேரன் திருப்பி வாசித்தான். உரு 11 அதே உரு 11 தான், அதே போட்டோதான். இந்த முறை அவன் தேடிப்போன வசனமும் அந்தக் கிணற்றைப் பற்றியதாகவே இருந்தது. ஆச்சி அவனை இன்னொருக்கால் வாசிக்கச் சொல்லிக் கேட்டா.

"அப்ப சரி" என்றா. "தண்ணி குடிச்சிட்டுப் போ பிள்ளை."