நீலச் சுடரின் அளவு

வாடகை வீடொன்றில் உறங்கச் சென்ற குடும்பம், பழுதான பாய்லர் கக்கிய கார்பன் மோனாக்ஸைடை அறியாமல் சுவாசித்து உயிர்நீத்த செய்தியை லண்டன் பத்திரிகையொன்றின் உள்பக்கத்தில் படித்துவிட்டு நான் மனம் கலங்கியிருந்த சமயத்தில், ஹாரோவில் வசிக்கும் நண்பர் ஒருவர், வீடுகளைச் சூடேற்றும் பாய்லர்களைச் செப்பனிடுவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் என்னை அழைத்துச் சென்றார். அவரோடு வீடு வீடாக அலைந்தபோது கண்டவற்றுள், ஒரு பழைய அடுக்கு வீட்டின் பாய்லர் மட்டுமே இன்றும் என் நினைவை விட்டு அகலாமல் நிற்கிறது.

சமையலறை அலமாரிக்குள் ஒடுங்கியிருந்த அந்த யந்திரத்தின் முன்தகட்டைக் கழற்றியதும், பித்தளை ஜெட்டும் அதன் மேல் வரிசையாக நின்ற பர்னரின் எஃகுப் பட்டைகளும் தெரிந்தன. ஜெட்டின் நுண்துளை வழியாகப் பாயும் காஸ், தன் வேகத்தாலேயே சுற்றுக் காற்றை இழுத்துக்கொண்டு பட்டைகளின் மேல் எரிகிறது. காற்று குறைந்தால் நீல ஜ்வாலை மஞ்சளாகும், கரி படியும், விஷவாயு பிறக்கும். பட்டைகளில் பஞ்சுபோல் அடைந்திருந்த தூசியைப் பெரியவர் தூரிகையால் நிதானமாகத் துடைத்தார். ஆனால் ஜெட்டின் துளைக்குள் கம்பி விட்டுக் குடைவது மகாபாதகம் என்பது அவர் அபிப்பிராயம். துளை மயிரிழை பெருத்தாலும் அளவு கெட்டுவிடுமாம்.

பிறகு பையிலிருந்து யு-கேஜை எடுத்தார். வளைந்த குழாயில் பாதிவரை தண்ணீர், நடுவே பூஜ்யம், மேலும் கீழும் மில்லிபார்க் கோடுகள். இதற்கு மின்கலம் வேண்டியதில்லை. ஒரு மில்லிபார் என்பது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீர். ஒரு புறம் இறங்கியதையும் மறுபுறம் ஏறியதையும் கூட்டினால் காஸின் அழுத்தம். பிரிட்டனில் வீட்டு மீட்டரின் அழுத்தத்தைச் சீராக்கும் கவர்னர் சுமார் 21 மில்லிபாருக்குத்தான் அமைக்கப்படுகிறது. பாய்லர் எரியும்போது மீட்டருக்கும் அதற்கும் இடையே ஒரு மில்லிபாருக்கு மேல் குறையலாகாது என்பது விதி.

“முதல்லை வாற காஸைப் பாப்பம், தம்பி. வராத காஸை ஸ்குரூவை முறுக்கி எடுக்கேலாது” என்றார்.

எரியவிட்டு அளந்தார். மீட்டரில் 20, பாய்லரின் வாயிலில் 15. சுவருக்குள் ஓடிய குழாயைத் தொட்டுக் காட்டினார்: 22 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய நீளத்துக்கு 15 மில்லிமீட்டர்ச் செப்புக் குழாய். பாய்லரின் விவரத் தகட்டில் பர்னர் அழுத்தம் 13.5 என்று பொறித்திருக்க, உள்ளே கிடைத்தது 11. முன்பு வந்த எவரோ, சுடர் சோம்பியிருக்கிறதென்று அழுத்தத் திருகைக் கடைசிவரை இறுக்கிவிட்டுப் போயிருந்தார். அதனால் அப்போதைக்குப் பயனும் இல்லை, கேடும் இல்லை. கேடு பின்னால் காத்திருந்தது.

குழாயை மாற்றவேண்டும் என்றதும், வீட்டு ஏஜென்ட் தொலைபேசியில், “சூடு வந்தால் போதும்; குழாய்ச் செலவெல்லாம் வேண்டாம்” என்றார். வாடகைதாரரிடம் மாதந்தோறும் வசூலித்து, வருஷத்துக்கொரு முறை சட்டம் கட்டாயப்படுத்துகிற பரிசோதனைக்கு மிக மலிவான ஆளைத் தேடி, அவன் கூலியிலும் தரகு பிடிக்கும் இவர்களுக்கு, ஒரு திருகாணியின் அரைச் சுற்றில் அடுத்த அறையில் உறங்கும் குழந்தையின் மூச்சு அடங்கியிருக்கிறது என்பதை யார் எடுத்துரைப்பது? கையொப்பத்தின் பொறுப்பு கையொப்பமிடுபவன் தலையில். லாபம் முழுவதும் அவன் முகத்தைக்கூடப் பார்த்திராதவர் பெட்டியில். இந்த அநியாயத்தைப் பற்றி நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டே போக, பெரியவர் அளவுகளைச் சான்றிதழில் எழுதிக்கொண்டிருந்தார். குழாயை மாற்றாமல் ஒப்பமிட முடியாது என்று மாத்திரம் ஏஜென்டிடம் சொன்னார்.

முடிவில் ஏஜென்ட் இணங்கவேண்டியதாயிற்று. குழாய்க்காரர் ஒருவர் வந்து புதுக் குழாய் போட்டதும் வாயிலில் 19.5 வந்தது, கடைசிவரை இறுக்கப்பட்டிருந்த திருகு இப்போது தன் சுயரூபத்தைக் காட்டியது. பர்னரில் 17! அழுத்தம் நான்கில் ஒரு பங்கு மிகுந்தால் காஸ் எட்டில் ஒரு பங்கு மிகும் என்று அவர் விளக்கினார். சுடர் நீண்டு, நுனி மஞ்சளித்துத் தள்ளாடியது. திருகை இடப்புறமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் தண்ணீர் நிலைகொள்ளும்வரை காத்திருந்து, 13.5-இல் நிறுத்தினார். சோதனை முனையை மூடிச் சோப்பு நீர் பூசி, குமிழி எழுகிறதா என்று டார்ச் விளக்கில் குனிந்து நோக்கினார்.

புதிய பாய்லர்களில் விசிறியால் காற்றும் காஸும் கலக்கும் முறையே வேறு; புகைவாயுவை மின்கருவியால் அளந்து திருத்துகிறார்கள். அதையும் அவர் விரிவாகச் சொன்னார். அதில் எனக்குச் சுவாரஸ்யம் ஏற்படவில்லை. ஆனால் 1967 முதல் 1977 வரை, நிலக்கரி வாயுவை விட்டு வடகடல் வாயுவுக்கு மாறியபோது, புதிய வாயு ஏறக்குறைய இருமடங்கு வெப்பம் தருவதாகையால் பிரிட்டனின் அடுப்புகளையும் பாய்லர்களையும் வீடு வீடாகச் சென்று மாற்றியமைத்தார்கள் என்று அவர் சொன்னதை வியப்போடு கேட்டேன். தமக்கு இத்தொழிலைப் பயிற்றுவித்த ஆங்கிலேயக் கிழவர் அந்தப் படையில் ஒருவராம். யு-கேஜ் அவர் கொடுத்ததாம்.

கூலியைப் பற்றிக் கேட்டேன். “குழாய்க்காரருக்கு உடனை குடுத்தவை. என்ரை பில் ஏஜென்டிட்டை இன்னும் கிடக்கு” என்றார்.