மதிலும் மனிதரும்

வேலூர் என்றவுடன் வெளியூர் நேயர்களுக்குக் கோட்டையும் ஆஸ்பத்திரியும் நினைவுக்கு வரும். சிறைச்சாலையும் அவ்வூரின் பழம் புகழில் சேர்ந்ததே என்று நாம் சொன்னால் வேலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1921-ம் வருஷம் டிசம்பரில் ராஜாஜி அங்கேதான் அடைக்கப்பட்டார். மூன்று மாத காலம் கண்டதையும் எண்ணியதையும் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். தனிநபர் சத்தியாக்கிரகத்தின்போது காமராஜரும் அங்கே இருந்தார். 1941-ல் சிறைக்குள் இருந்தபடியே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இத்தகைய பெரியோர் இருந்த இடமாதலால் சிறை என்ற சொல்லுக்கே நம்மிடம் ஒரு மரியாதை உண்டு. ஆனால் அந்த மரியாதை சத்தியாக்கிரகிகளோடு நின்றுவிடுகிறது. இன்று உள்ளே இருப்பவர் யார், எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க நமக்குப் பொழுது இருப்பதில்லை.

ஆம்பூரில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவரும் நமக்கு, விசாரிக்காமல் இருக்க முடியாதபடி ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. நம்மிடம் படித்த பிள்ளை ஒருவன் சில்லறைத் திருட்டு வழக்கு ஒன்றில் அகப்பட்டான். தாயார் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைப்பவள், தகப்பன் இல்லை. நீதிபதி சில நாட்களிலேயே ஜாமீன் கொடுத்துவிட்டார். ஆனால் ஜாமீனுக்கு ஆள் நிற்க வேண்டும். நிற்கும் ஆளுக்குச் சொத்து இருக்க வேண்டும். அந்தத் தெருவிலோ எல்லோரும் வாடகைக் குடித்தனக்காரர்கள். உத்தரவு வெளியே காத்திருக்க, பையன் உள்ளே நாற்பத்தொரு நாள் காத்திருந்தான்.

"வாத்தியாரய்யா, ஜட்ஜு விட்டுட்டாரு, காசுதான் விடமாட்டேங்குது" என்றாள் அந்த அம்மாள். இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒருவர் முயன்று நிபந்தனையைத் தளர்த்தச் செய்த பிறகே பையன் வீடு வந்தான். அதற்குள் அவன் பார்த்து வந்த வேலை போய்விட்டது. அதைவிட நமக்குக் கவலை தந்தது வேறு. உள்ளே போகும்போது ஒன்றும் அறியாதவனாகப் போனவன், பூட்டுத் திறக்கும் சாஸ்திரம் முழுவதையும் கேட்டறிந்து திரும்பினான்.

இது ஓர் ஆம்பூர்ப் பையனின் கதை மட்டும் அன்று. 2022-ம் வருஷக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணை முடியாதவர்கள். நூறு பேருக்கான இடத்தில் நூற்று முப்பத்தொரு பேர் நெருக்கிப் படுத்திருந்தார்கள். இப்படிப்பட்ட நெருக்கத்தில் கைதிக்கும் பாதுகாப்பில்லை, காவலருக்கும் பாதுகாப்பில்லை. வெளியே வருபவனோடு வாழப் போகிற நமக்கும் இல்லை.

ஸர்க்கார் பணமே செலவிடவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2002-03-ல் சிறைகளைப் புதுப்பிக்க 1,800 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கியது. நாலில் மூன்று பங்கு மத்திய ஸர்க்கார் மானியம், மீதி மாநிலங்களுடையது. புதிய சிறைகளும் ஊழியர் வீடுகளும் தண்ணீர் வசதியும் அதனால் வந்தன. 2023-ல் ஏழைக் கைதிகளுக்கென்றே ஒரு மானியம் ஏற்பட்டது. அப்போது வகுத்த முறைப்படி, ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வர முடியாதவனைப் பற்றிச் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவன் ஏழைதானா என்று விசாரித்தபின், கலெக்டரை உள்ளிட்ட குழு 40,000 ரூபாய் வரையில் உதவலாம். அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையில் உதவலாம். பயங்கரவாதம், போதைப்பொருள், லஞ்சம் போன்ற வழக்குகளுக்கு இது கிடையாது. இவ்வளவு நல்ல திட்டத்தைப் பல மாநிலங்கள் சரிவரப் பயன்படுத்தவில்லை என்று மத்திய உள்துறையே நினைவூட்டுக் கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது!

காரணம் என்ன? பணம் தானாக நடந்து போய்க் கைதியைத் தேடாது. ஏழாம் நாள் முடிந்ததைக் கணக்குப் பார்த்து ஒரு கடிதம் எழுதும் மனிதர் வேண்டும். அந்த மனிதரைத் தயாரிக்கும் இடமும் நம் வேலூரிலேயே இருக்கிறது. தென்னாட்டு மாநிலங்களின் சிறை அதிகாரிகளுக்காக 1979-ல் ஏற்பட்ட பயிலகம் அது. ஊரில் 'ஆப்கா' என்று சொன்னால் தெரியும். சிறை அதிகாரிகளும் நன்னடத்தை அலுவலர்களும் அங்கே வந்து படிக்கிறார்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர் அங்கே பயிற்சி பெற்று உதவி ஜெயிலராக இருக்கிறார். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தார். "ஸார், சட்டமும் கவாத்தும் எங்கேயும் கற்கலாம். புதிதாக வந்தவனை முதல் வாரம் தனியே விடாதே, இரண்டு வேளை சாப்பிடாதவனிடம் உட்கார்ந்து பேசு என்று அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள்" என்றார். "செய்கிறீர்களா?" என்று கேட்டோம். சிரித்தார். "இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறோம் ஸார், எண்ணி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது" என்றார். ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டும் என்பது 2016-ம் வருஷத்து மாதிரிச் சிறைக் கையேட்டின் விதி. விதி கையேட்டில் சௌக்கியமாக இருக்கிறது.

கற்க வேண்டியதோடு மறக்க வேண்டியதும் உண்டு. ஜாதி பார்த்துக் கைதிகளுக்கு வேலை பிரிக்கும் சிறை விதிகள் செல்லாவென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது 2024 அக்டோபரில்தான்! புத்தகத்தில் அடித்த வரி பழக்கத்திலும் அடிபட வேண்டுமானால், அதற்கும் பயிற்சியே வழி.

தோல் பதனிடும் ஊரில் வாழும் நமக்கு இது விளங்காத விஷயமல்ல. லக்ஷக்கணக்கில் செலவிட்டு யந்திரம் இறக்கலாம். சுண்ணாம்பின் அளவும் நேரமும் அறிந்த கை இல்லாவிட்டால் தோல் பாழ். வேலூர்ச் சிறைக் கைதிகள் போலீஸ்காரர்களுக்கு பூட்ஸ் தைத்துக் கொடுக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் அங்கேயும் நல்ல வேலை நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே, மதிலுக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கு மனிதருக்கும் போகட்டும். காலி இடங்கள் நிரம்பட்டும். ஜெயிலர் மட்டுமின்றிக் கடைசி வார்டர் வரையில் பயிற்சி எட்டட்டும். நேயர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் தெருவில் ஜாமீன் கிடைத்தும் வீடு வராத பிள்ளை யாராவது இருந்தால், ஜில்லா கோர்ட்டில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அவன் தாயாரை அழைத்துக்கொண்டு போங்கள். நம் பள்ளியில் வருஷக் கடைசிக் கூட்டத்தில் பெற்றோருக்கு இதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை மூன்று தாய்மார்கள் வந்து வழி கேட்டுப் போயிருக்கிறார்கள்.