பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வரும் பங்கஸ்: உம்மாமாரோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்



நேற்று இரவு ஒரு வட்ஸ்அப் குறூப்பில் குரல் பதிவு ஒன்று வந்தது. சின்னப் பிள்ளைகளின் நாக்கில் வெள்ளை படிந்தால், பம்பஸ் கட்டுகிற இடம் சிவந்து அரித்தால், வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவினால் மூன்று நாளில் போய்விடுமாம். இங்கிலீஷ் மருந்தே தேவையில்லையாம். பேசினவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கீழே வரிசையாக "ஜஸாக்கல்லாஹ்" விழுந்திருந்தது. நானும் இரண்டு பிள்ளைகளின் உம்மா. எழுதாமல் படுக்க மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

என் மூத்தவனுக்கு எட்டு மாதம். மாரி காலம். எங்கள் பக்கத்து மாரி தெரியும்தானே, கொடியில் போட்ட நெப்பி மூன்று நாளாகியும் காயாது. அவனுக்கு இருமல் வந்து அன்டிபயோட்டிக் பாணி கொடுத்தோம். இருமல் நின்றது. நாலைந்து நாளில் பம்பஸைக் கழற்றினால் தொடை இடுக்கெல்லாம் இறைச்சி நிறத்தில் சிவப்பு. தண்ணீர் பட்டாலே அலறினான்.

மாமி பார்த்துவிட்டு, "இது சூடு மகள். தேங்காண்ணெயில மஞ்சளக் கொழச்சிப் பூசுங்க" என்றார். பூசினோம். என் உம்மா வேப்பிலை அவித்த தண்ணீரில் கழுவச் சொன்னார். கழுவினோம். பக்கத்து வீட்டு ராத்தா பவுடர் போடச் சொன்னார். அதையும் போட்டோம். எல்லாரும் அன்பில்தான் சொன்னார்கள். பிள்ளை அழுதுகொண்டேயிருந்தான்.

கடைசியில் இவர் பாமசியில் போய்ச் சொல்லி ஒரு டியூப் வாங்கி வந்தார். இரண்டு நாளில் சிவப்பு மாயமாய் மறைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நானும் நிறுத்திவிட்டேன். ஒரு கிழமையில் திரும்ப வந்தது, முன்னையதை விடக் கூட. திரும்பப் பூசினோம், போனது. திரும்ப வந்தது. இப்படியே மூன்று முறை.

எங்கள் மிட்வைப் மிஸ் நிறை பார்க்க வந்தபோதுதான் விசயம் தெளிந்தது. பிள்ளையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "டீச்சர், சாதாரணமா மூத்திரம் பட்டு வாற சிவப்பு மடிப்புக்குள்ள போகாது. இது மடிப்புக்குள்ளயும் சிவந்திருக்கு. இந்தா, ஓரத்துல தனித்தனியா சின்னச் சின்னப் பொட்டு. வாயப் பாத்தீங்களா?" நான் வாயைப் பார்க்கவேயில்லை. கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருந்தது. பால் படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்க வந்துவிடும். இது வரவில்லை.

அது கண்டிடா என்கிற பங்கஸ். ஈஸ்ட் வகை. பாணுக்குப் போடுகிற ஈஸ்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவைக் குழைத்து ஈரத்துணியால் மூடி வைத்தால் எப்படிப் பொங்குகிறது? சூடு, ஈரம், மூடின இடம். பம்பஸுக்குள்ளே இருப்பதும் அதே மூன்றும்தான். இது வெளியிலிருந்து வந்த அழுக்குமில்லை. நம்மில் பலருடைய குடலிலும் வாயிலும் கொஞ்சம் இருக்கிறதுதான். அங்கேயுள்ள நல்ல கிருமிகள் அதை அடக்கி வைத்திருக்கும். அன்டிபயோட்டிக் அந்த நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிட்டால் இதற்குப் பெருநாள். அதற்காக டொக்டர் தந்த அன்டிபயோட்டிக்கை இடையில் நிறுத்தாதீர்கள். தேவையில்லாமல் நாமாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அந்த டியூப்பைக் கிளினிக் டொக்டரிடம் காட்டினேன். பங்கஸ் மருந்தோடு பலமான ஸ்டீரொயிட்டும் கலந்த கிறீம். ஸ்டீரொயிட் சிவப்பை அமத்திவிடும், நமக்குச் சுகமானது போலத் தெரியும். ஆனால் தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அமத்தும், நாளாக ஆகத் தோலை மெல்லிசாக்கும். பம்பஸுக்குள்ளே மூடிக் கட்டினால் இன்னும் கூடுதலாக உள்ளே இறங்கும். கைக்குழந்தைக்கு அது கூடாது. நாங்கள் அதைத்தான் பூசினோம், அதுவும் இரண்டு நாள் பூசி நிறுத்தி, பூசி நிறுத்தி.

சரி, நாட்டு மருந்துக்கு வருவோம். நான் அதற்கு எதிரி இல்லை. என் மூத்தம்மா கைமருந்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய்: ஆய்வுகூடத்தில் கண்டிடாவை ஓரளவு அடக்குவதைக் கண்டிருக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் நடப்பதெல்லாம் பிள்ளையின் தோலில் நடக்கும் என்றில்லை. சுத்தமான எண்ணெயை மெல்லிசாகத் தடவினால் ஈரம் நேரே தோலில் படாமல் தடுக்கும், பெரிய கெடுதல் இல்லை. அது மட்டும் போதும் என்று இருந்ததுதான் எங்கள் பிழை. மஞ்சள்: கடைத்தூளில் என்ன கலந்திருக்கிறதோ தெரியாது, உரிந்த தோலில் எரியும். அதைவிட, மஞ்சள் நிறம் ஏறிவிட்டால் சிவப்புக் கூடுதா குறையுதா என்று டொக்டருக்கும் தெரியாது. பவுடர்: பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும், இடுக்கில் ஈரத்தோடு சேர்ந்து கட்டிபடும். விட்டுவிடுங்கள். உள்ளி, வினாகிரி என்று ஒருவர் சொன்னார். உங்கள் கையில் சின்ன வெட்டுக் காயம் இருக்கும்போது அதைத் தடவிப் பாருங்கள், பிறகு பிள்ளைக்குத் தடவ மனம் வராது.

வேப்பிலைத் தண்ணீர் அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் வெறும் இளஞ்சூட்டுத் தண்ணீரை விட அது மேல் என்று நான் காணவில்லை. வேப்பெண்ணெய் வேறு விசயம். அதைக் கைக்குழந்தைக்குப் பருக்கவே கூடாது. மலேசியாவில் அப்படிப் பருக்கிய சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து, ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை 1981 இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பு ஹதீஸில் வந்திருக்கிறது, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் கடையில் விற்கிற எண்ணெயை எத்தனை மாதப் பிள்ளைக்கு எத்தனை சொட்டு என்று அந்தக் குரல் பதிவுக்காரர் தீர்மானிக்க முடியாது.

இனி அந்த வெங்காரமும் தேனும். எங்கள் வீட்டில் பெரிய சண்டையே இதில்தான் வந்தது. மாமி ஒரு நாள் சின்னக் கிண்ணத்தில் குழைத்துக்கொண்டு வந்துவிட்டார். "எண்ட ஆறு புள்ளைக்கும் இதத்தான் தடவின. ஆறும் ஆளாகித்தானே நிக்கிது?" அந்த ஆறில் ஒருவர்தான் என் கணவர், என்ன பதில் சொல்வது? அவர் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டார், ஆண்கள் அப்படித்தான். நான் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமி, இந்த ஒருதரம் மட்டும் மிஸ்ஸுக்கிட்டக் கேட்டுட்டுத் தடவுவம்" என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

வெங்காரம் பொரித்தாலும் வெங்காரம்தான். வாயில் தடவினால் வயிற்றுக்குள் போகும், நாளாந்தம் போனால் உடம்பில் சேரும். வெங்காரமும் தேனும் கலந்ததைச் சூப்பியில் தடவிக் கொடுத்த ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததும், அதை நிறுத்திய பிறகு வலிப்பு நின்றதும் 1983 இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் பதிவாகியிருக்கிறது. தேனும் அப்படித்தான். ஒரு வயதுக்குக் கீழே தேன் வேண்டாம், ஒரு துளியும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து நமக்கு ஒன்றும் செய்யாது. குழந்தையின் குடலில் அது வளர்ந்து நஞ்சு உண்டாக்கி, தசையெல்லாம் தளர்ந்து, பால் உறிஞ்சவும் மூச்செடுக்கவும் முடியாமல் ஆக்கிவிடும். அபூர்வம்தான். அந்த அபூர்வம் நம் பிள்ளையாக இருந்தால்?

எங்களுக்கு உண்மையில் கைகொடுத்த இயற்கை வைத்தியம் காற்று. காலையிலும் பின்னேரமும் அரை மணித்தியாலம் பன்பாயில் ஒரு ரப்பர் சீற்றைப் போட்டு வெறும் மேலோடு விட்டோம். பாய் எத்தனை தரம் நனைந்தது என்று கேட்காதீர்கள். சோப்பும் வாசனை வைப்ஸும் இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் கட்டினோம். இரவு முழுக்க ஒரே பம்பஸ் என்கிற பழக்கத்தை விட்டோம். மாரியில் காயாத நெப்பிகளை மேலும் கீழும் அயர்ன் பண்ணினேன். இவற்றோடு டொக்டர் தந்த பங்கஸ் கிறீமை, ஸ்டீரொயிட் இல்லாததை, சிவப்பு மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை பூசினோம். வாய்க்குச் சொட்டு மருந்து. எனக்கு மார்புக் காம்பில் ஊசி குத்துகிற மாதிரி எரிவு இருந்தது, வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் இதே பங்கஸ்தான். நான் அவனுக்குக் கொடுக்க, அவன் எனக்குத் தர, இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து செய்த பிறகுதான் நின்றது. பால் கொடுப்பதை நிறுத்தச் சொன்னவர்களும் இருந்தார்கள். நிறுத்தத் தேவையில்லை. சூப்பி, போத்தல் பாவிக்கிறவர்கள் அதை ஒவ்வொரு நாளும் அவிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னது பம்பஸ் கட்டுகிற வயதுக்கு. நான் இரவு விழித்திருந்து எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்த உம்மாவிடம் கேட்டு, அவர் "எழுதுங்க டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஒரு மகள் இருந்தாள். தரம் 1. கெட்டிக்காரி, நல்ல கையெழுத்து. இரண்டாம் தவணையில் பாத்ரூம் போகக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். ஒரு பாடத்துக்குள் இரண்டு தரம். தண்ணீர்ப் போத்தல் இடைவேளைக்கு முன்னமே காலி. நான் விளையாட்டென்று நினைத்தேன். ஒரு நாள், "இப்பத்தானே போயிட்டு வந்தீங்க? இருங்க" என்று அதட்டி இருத்திவிட்டேன். அவள் கதிரையிலேயே நனைத்துவிட்டாள். பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்துப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவள் நான்.

அன்று உம்மாவை அழைத்துக் கதைத்தபோது, அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவக்கு அந்த இடத்துல அரிப்பு டீச்சர். ரெண்டு மாசமா மஞ்சளும் எண்ணெயும் பூசிறன். போகுது, வருகுது. ராவையில படுக்கையும் நனைக்கிறா. முந்தி நனைக்கிறல்ல."

அந்த வயதில் அரிப்புக்குப் பல காரணம் இருக்கும். கீரிப்பூச்சி இருக்கும், சோப்பு ஒத்துவராமல் இருக்கும், இறுக்கமான உள்ளாடை இருக்கும். ஆனால் பம்பஸ் விட்ட பிள்ளைக்குப் பங்கஸ் திரும்பத் திரும்ப வருவது வழமையில்லை என்று என் மகனின் காலத்தில் டொக்டர் சொன்னது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. இரத்தத்தில் சீனி கூடினால் அது மூத்திரத்தில் இறங்கும், அந்தச் சீனியில் ஈஸ்ட் வளரும். தண்ணீர்ப் போத்தலும் பாத்ரூமும் நனைந்த கதிரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"சீனி பாத்தீங்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஆறு வயசுப் புள்ளைக்குச் சீனியா டீச்சர்? எங்கட ரெண்டு பக்கத்துலயும் ஒருத்தருக்கும் இல்ல."

பிள்ளைகளுக்கு வருகிற சீனி வருத்தம் வேறு வகை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும். இனிப்புக் கூடச் சாப்பிட்டதால் வருவதில்லை, குடும்பத்தில் இருக்க வேண்டுமென்றும் இல்லை. இன்றைக்கே விரலில் குத்திப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் வெள்ளிக்கிழமை போகிறேன் என்றார். நானும் சரி என்று விட்டேன். வியாழன் விடியப் பிள்ளை வாந்தி எடுத்து, மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட, 1990 அம்புலன்ஸில்தான் கொண்டுபோனார்கள். பல நாள் ஆஸ்பத்திரியில். பாத்ரூம் நிலத்தில் எறும்பு மொய்த்ததைத் தான் கண்டதாகவும், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டதாகவும் உம்மா வார்ட்டில் வைத்துச் சொல்லி அழுதார். நான் அதட்டியதைச் சொல்லி அழுதேன்.

அல்லாஹ் காப்பாற்றினான். பிள்ளை தப்பிவிட்டாள்.

அந்தக் குரல் பதிவை அனுப்பிய சகோதரியிடம் எனக்குக் கோபம் இல்லை. தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு இரண்டாம் தரம், மூன்றாம் தரம் வருகிறதென்றால் மருந்தை மாற்றுவதற்கு முன்னால் ஏன் வருகிறது என்று கிளினிக்கில் கேளுங்கள். தாகம், அடிக்கடி மூத்திரம், மெலிவு, புதிதாகப் படுக்கை நனைப்பது, இவற்றில் ஒன்று கூட இருந்தாலும் அன்றைக்கே சீனி பாருங்கள், வெள்ளிக்கிழமை வரை வைக்காதீர்கள். வாந்தியும் ஆழ்ந்த மூச்சும் என்றால் நேரே ஆஸ்பத்திரி.

அந்த மகள் இப்போது தரம் 2. இன்சுலின் ஊசி எங்கே போடுவது என்று எனக்கே வகுப்பெடுப்பாள். சீனி திடீரென்று இறங்கினால் கொடுப்பதற்கு என் மேசை லாச்சியில் டொபிப் பை ஒன்று இருக்கிறது. புது வகுப்பு டீச்சரின் லாச்சியிலும் ஒன்று. கை நடுங்கினால் கேட்காமலே எடுக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். மற்றப் பிள்ளைகளுக்கு அதில் சரியான பொறாமை. போன கிழமை இடைவேளையில் ஓடி வந்து லாச்சியைத் திறந்தாள். நான் பதறி எழும்பினேன். "எனக்கு இல்ல டீச்சர், இவ அழுறா" என்று பக்கத்தில் நின்ற சின்னவள் ஒருத்தியின் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.